சுவிஸ் குடியுரிமை: மொழியும் வேலையும் பற்றி எங்கள் ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் தமிழ்க் குடும்பங்களோடு இருந்து படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் கதிரையில் இருக்க முதலே "எனக்குக் கிடைக்காது, சும்மா கேட்டுப் பாப்பம் எண்டுதான் வந்தனான்" என்கிறார்கள். சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் அவர்களில் பலருக்குத் தகுதி இருக்கிறது. இல்லாதவர்களுக்கும் எது குறைகிறது, அதை எப்படி நிரப்பலாம் என்று சொல்ல முடிகிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். முக்கியமாக மொழியும் வேலையும்தான், ஏனெனில் அந்த இரண்டிடத்தில்தான் எங்கள் ஆட்கள் பயந்து நிற்கிறார்கள்.

நான் எப்ப விண்ணப்பிக்கலாம்?

2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் குடியுரிமைச் சட்டப்படி கையில் சி விசா, அதாவது நிரந்தர வதிவிட அனுமதி, இருக்க வேண்டும். சுவிசில் 10 ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும், அதில் மூன்று ஆண்டு விண்ணப்பத்துக்கு முந்திய ஐந்து ஆண்டுக்குள் வர வேண்டும். 8 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையில் இங்கே வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டும் இரண்டாகக் கணக்கிடப்படும், ஆனால் உண்மையில் ஆறு ஆண்டாவது இருந்திருக்க வேண்டும். இதற்கு மேல், ஒரே கன்டோனில் (மாநிலத்தில்) இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை இருந்திருக்க வேண்டும் என்று அந்தந்தக் கன்டோன் கேட்கும்.

நான் எட்டு வருசம் எஃப் விசாவில இருந்தனான். அது கணக்கில வருமோ?

தற்காலிக அனுமதியான எஃப் விசாவில் இருந்த காலம் பாதி வரும். எட்டு ஆண்டு எஃப் என்றால் நான்கு ஆண்டு. பி (வதிவிட அனுமதி), சி விசாவில் இருந்த காலம் முழுதாக வரும். அகதி விண்ணப்பம் முடியும்வரை 'என்' (N) விசாவோடு காத்திருந்த காலம் கணக்கிலேயே வராது. பழைய சட்டத்தில் 12 ஆண்டு கேட்டார்கள், ஆனால் அந்தக் காலம் எல்லாவற்றையும் எண்ணினார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறவர்கள்தான் இன்றைக்கும் ஏமாறுகிறார்கள். பழைய விசா அட்டைகளின் திகதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான்.

மொழி எவ்வளவு தெரிய வேணும்?

நாட்டு மொழிகளில் ஒன்றில் பேச்சு பி1, எழுத்து ஏ2. ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறும் ஐரோப்பிய மொழிப் படிகள் இவை. பேச்சை விட எழுத்து ஒரு படி குறைவாகத்தான் கேட்கப்படுகிறது. பலருக்கு இது தெரியாது. "எனக்கு டொச் (ஜெர்மன்) எழுத வராது" என்று சொல்லி ஒதுங்குகிறவரிடம் சட்டம் கேட்கும் எழுத்து, வீட்டுக்காரருக்கு "குளியலறைக் குழாய் ஒழுகுது, எப்ப வந்து பாப்பீங்கள்?" என்று நாலு வரி எழுதும் அளவுதான். எழுத்துப் பிழை இருக்கலாம், விசயம் விளங்க வேண்டும்.

கன்டோன் இதைவிடக் கூடவும் கேட்கலாம். துர்காவ் கன்டோன் பேச்சு பி2, எழுத்து பி1 கேட்கிறது. ஆகவே பரீட்சைக்குக் காசு கட்ட முதல் உங்கள் கன்டோனின் நிபந்தனையைப் பாருங்கள். பெரும்பாலும் அந்தக் கன்டோனின் மொழியில்தான் சான்றிதழ் கேட்பார்கள். லவுசானில் பிரெஞ்சு பேசி வாழ்ந்துவிட்டு சூரிச்சுக்கு வந்தவர் இதை மறந்துவிடக் கூடாது.

முப்பது வருசம் ரெஸ்ரோறன்ட் கிச்சினிலதான் வேலை. பக்கத்தில நிண்டது எல்லாம் தமிழ் ஆக்களும் போர்த்துக்கீசரும். என்னால பி1 செய்ய ஏலுமோ?

எனக்கு மிகக் கூடுதலாக வரும் கேள்வி இது. கேட்கிறவருக்கு ஐம்பத்தைந்து, அறுபது வயதிருக்கும். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு வந்த தலைமுறை. வந்த கிழமையே வேலை தேடினார்கள், கிடைத்த வேலை பாத்திரம் கழுவுவது, பிறகு காய்கறி வெட்டுவது, பிறகு சமையல். இரவு பதினொரு மணிக்கு முடிகிற வேலைக்கு மொழி வகுப்பு ஒத்துவராது. அந்த நாட்களில் இவர்களை வகுப்புக்கு அனுப்ப யாரும் பெரிதாக மெனக்கெடவுமில்லை. இந்த மனிதர்கள் மொழி படிக்காமல் விட்டது சோம்பலால் அல்ல. எந்த அலுவலகத்தில் வேண்டுமானாலும் இதை நான் சொல்வேன்.

இனிப் பதிலுக்கு வருவோம். ஏலும், பெரும்பாலானவர்களுக்கு ஏலும். பி1 பேச்சு என்றால் செய்தி வாசிப்பவர் மாதிரிப் பேசுவது அல்ல. உங்களுக்குத் தெரிந்த ஒரு விசயத்தைத் தொடர்ச்சியாகச் சொல்ல வேண்டும். நடந்த ஒன்றை நடந்தபடி விவரிக்க வேண்டும். ஒரு அபிப்பிராயமும் அதற்கு ஒரு காரணமும் சொல்ல வேண்டும். இலக்கணம் ஆங்காங்கே தடுமாறலாம்.

சுவிசுக்கென்றே அமைத்த ஃபிடே பரீட்சையை நான் எங்கள் ஆட்களுக்கு முதலில் சொல்வேன். டொச், பிரெஞ்சு, இத்தாலியன் மூன்றிலும் நடக்கிறது. அதில் வரும் காட்சிகள் டொக்டரிடம் போவது, பிள்ளையின் ஆசிரியரோடு கதைப்பது, வீடு தேடுவது, முதலாளியிடம் லீவு கேட்பது. இவை எல்லாம் நீங்கள் அரைகுறை டொச்சிலாவது முப்பது வருசம் செய்துவந்தவைதான். பேச்சும் எழுத்தும் தனித்தனியே மதிப்பிடப்படும், முடிவில் மொழிக் கடவுச்சீட்டு என்ற சான்றிதழ் கிடைக்கும். கோத்தே, டெல்க் சான்றிதழ்களையும் ஏற்பார்கள். ஏற்கெனவே ஒன்று வைத்திருந்தால் புதிதாக எழுதத் தேவையில்லை.

தயார் பண்ணுவதற்கு நான் சொல்லும் வழி ஒன்று. உங்கள் ஒரு நாள் வேலையைக் காலை முதல் இரவுவரை டொச்சில் சொல்லிப் பாருங்கள். என்ன வெட்டினீர்கள், எது கருகியது, யார் வரவில்லை, அதனால் என்ன ஆனது. முதல் நாள் மூன்று வசனத்தில் நின்றுபோகும். தெரியாத சொல்லைப் பிள்ளையிடம் கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த நாள் நேற்று நடந்ததை இறந்த காலத்தில் சொல்லுங்கள். ஒரு அண்ணை இப்படி வேலைக்குப் போகும் ட்ராமில் காதில் போனை வைத்துக்கொண்டு, யாரோடோ கதைப்பவர் மாதிரித் தனக்குத் தானே கதைத்து வந்தார். ஏழு மாதத்தில் பேச்சுப் பகுதியில் பி1 எடுத்தார். எழுத்துக்கு இரண்டாம் முறை போக வேண்டியிருந்தது.

வகுப்புக்குப் போக முடிந்தால் போங்கள். பல நகரங்களும் கன்டோன்களும் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தாமே தருகின்றன. சிறு பிள்ளை உள்ள தாய்மாருக்குப் பிள்ளையோடேயே வந்து படிக்கும் டொச் வகுப்புகள் பல ஊர்களில் நடக்கின்றன. உங்கள் கெமைண்டவில், அதாவது நகரசபை அலுவலகத்தில், விசாரித்தால் சொல்வார்கள்.

சுவிஸ் டொச் தெரிய வேணுமோ?

சட்டம் கேட்பது நாட்டு மொழி. அதற்குள் ஊர்ப் பேச்சுவழக்கு தனி நிபந்தனையாக இல்லை. ஆனால் நேர்முகத்தில் எதிரே இருப்பவர் தன்னையறியாமல் சுவிஸ் டொச்சுக்குப் போய்விடுவார். "தயவுசெய்து எழுத்து டொச்சில் சொல்லுங்கள்" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். கேட்கத் தெரிவதும் மொழி தெரிவதன் அடையாளம்தான்.

நான் இங்கதான் பள்ளிக்கூடம் போனனான். எனக்கும் பரீட்சையோ?

இல்லை. நாட்டு மொழியில் கட்டாயக் கல்வியில் ஐந்து ஆண்டாவது படித்திருந்தால் போதும். தொழிற்பயிற்சியோ மேற்படிப்போ அந்த மொழியில் முடித்திருந்தாலும் போதும். பாடசாலைச் சான்றிதழின் பிரதியை இணையுங்கள்.

அம்மாவுக்கு 68 வயசு. ஊரிலயும் ரெண்டாம் வகுப்போட நிண்டவ. அவவால டொச் எழுதவே ஏலாது. விட்டுட வேண்டியதுதானோ?

விடாதீர்கள். சட்டத்தின் 12ஆம் பிரிவு மொழி, வேலை ஆகிய இரண்டு நிபந்தனைகளிலும் ஒருவரின் தனிப்பட்ட நிலைமையைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அதன் கீழ் வந்த ஒழுங்குவிதியின் 9ஆம் பிரிவு அந்த நிலைமைகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது: உடல், மன, உளக் குறைபாடு, கடுமையான அல்லது நீண்டகால நோய், படிப்பதில், வாசிப்பதில், எழுதுவதில் பெரும் சிரமம், வேலை செய்தும் வறுமையில் இருப்பது, குடும்பத்தவரைப் பராமரிக்கும் பொறுப்பு.

அதிகாரி தானாக இதைக் கண்டுபிடித்துச் சலுகை தருவார் என்று காத்திருக்கக் கூடாது. நீங்கள் கேட்க வேண்டும், ஆதாரம் வைக்க வேண்டும். டொக்டரின் கடிதத்தில் நோயின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. அந்த நோயால் மொழி படிப்பது ஏன் முடியாது என்றும், எவ்வளவு காலமாக என்றும் எழுதியிருக்க வேண்டும். போரில் கண்டவையால் மனம் பாதிக்கப்பட்டுச் சிகிச்சை எடுப்பவர்கள் எங்களுக்குள் பலர். அந்தச் சிகிச்சையின் அறிக்கையும் இங்கே பயன்படும், அதை மறைக்கத் தேவையில்லை. எழுத வாசிக்கத் தெரியாதவர் என்றால், வகுப்புக்குப் போய் முயன்றதற்கு ஆசிரியர் தரும் ஒரு கடிதம் மிகப் பெரிய பலம். வயது மட்டும் காரணமாகாது, அம்மாவின் வயதை முதல் வரியில் எழுதி அதோடு நிறுத்திவிடாதீர்கள். அம்மாவால் பேச முடியுமென்றால் பேச்சுப் பரீட்சைக்கு மட்டும் அனுப்புங்கள், எழுத்துக்கு மட்டும் விலக்குக் கேளுங்கள். முழுவதற்கும் விலக்குக் கேட்பதைவிட அது நிற்கும்.

வேலை 100 வீதம் இருக்க வேணுமோ? நான் கிளீனிங்கில 60 வீதம்.

சட்டத்தில் வீதம் எதுவும் இல்லை. சட்டத்தின் சொல் "பொருளாதார வாழ்வில் பங்கெடுத்தல் அல்லது கல்வி கற்றல்". விண்ணப்பிக்கும்போதும் குடியுரிமை தரும்போதும் உங்கள் செலவையும் நீங்கள் பராமரிக்க வேண்டியவர்களின் செலவையும் உங்கள் வருமானம், சொத்து, அல்லது சட்டப்படி உங்களுக்கு உரிமையான கொடுப்பனவு ஆகியவற்றால் தாங்க முடிகிறதா என்பதே கேள்வி. இதற்குக் காட்ட வேண்டியவை வேலை ஒப்பந்தம், அண்மைய சம்பளச் சிட்டைகள், வரி கட்டியதற்கான சான்று. மூன்று இடத்தில் துண்டு துண்டாகக் கிளீனிங் செய்கிறவர் மூன்றின் சிட்டையையும் கொடுக்க வேண்டும். கையில் காசு வாங்கிச் செய்த வேலை இங்கே உதவாது. உங்கள் ஓய்வூதியத்துக்கும் அது உதவாது.

வேலை போய் ஆர்.ஏ.வி.யில (வேலைவாய்ப்பு அலுவலகத்தில) இருக்கிறன். ஐ.வி. எடுக்கிற ஆக்களுக்கும் கிடைக்காதோ?

இந்தக் குழப்பம் எங்கள் ஆட்களிடம் ஊறிப்போய்விட்டது. அரசாங்கத்திடமிருந்து வரும் காசு எல்லாம் "சோசியல்", அதாவது சமூக உதவி, அல்ல. வேலையில்லாக் காப்புறுதிக்குச் சம்பளத்தில் நீங்களே கட்டியிருக்கிறீர்கள். ஊனமுற்றோர் காப்புறுதியான ஐ.வி., முதியோர் ஓய்வூதியம், அவற்றோடு வரும் மேலதிகக் கொடுப்பனவு, பிள்ளைப் பணம் ஆகியவை எல்லாம் சட்டப்படி உங்களுக்கு உரிமையானவை, அவை விண்ணப்பத்தைத் தடுக்காது. மருத்துவக் காப்புறுதிக் கட்டணத்தில் கிடைக்கும் குறைப்பும் சமூக உதவி அல்ல. அந்தக் குறைப்பை எடுத்தால் பாஸ்போர்ட் கிடைக்காது என்று பயந்து, கிடைக்க வேண்டிய காசைப் பல ஆண்டு எடுக்காமல் விட்ட ஒரு குடும்பத்தைக் கண்டிருக்கிறேன். நினைக்க இன்றும் வயிறு எரிகிறது.

உண்மையாவே சோசியல் எடுத்தனான். எவ்வளவு காலம் பொறுக்க வேணும்?

மத்திய சட்டப்படி விண்ணப்பத்துக்கு முந்திய மூன்று ஆண்டுக்குள் சமூக உதவி எடுத்திருக்கக் கூடாது, விண்ணப்பம் நடக்கும் காலத்திலும் எடுக்கக் கூடாது. எடுத்த முழுத் தொகையையும் திருப்பிக் கட்டியிருந்தால் தடை இல்லை. ஆனால் பேர்ன், ஆர்காவ் போன்ற கன்டோன்களில் மூன்று அல்ல, பத்து ஆண்டு. பேர்னில் 2013 நவம்பரிலும் ஆர்காவில் 2021 மார்ச்சிலும் மக்கள் வாக்கெடுப்பில் முடிவானது இது. யாரைப் பற்றி முடிவெடுத்தார்களோ அவர்களுக்கு அந்த வாக்கெடுப்பில் வாக்கு இல்லை. குடியுரிமை எடுங்கள் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நோயாலோ, முழுநேரம் உழைத்தும் சம்பளம் போதாமலோ, பராமரிப்புப் பொறுப்பாலோ, அல்லது முதல் தொழிற்கல்வியைப் படித்துக்கொண்டிருந்ததாலோ எடுத்திருந்தால் மேலே சொன்ன 9ஆம் பிரிவு இங்கேயும் பொருந்தும். நான்கு பிள்ளையோடு ஒரு சம்பளத்தில் வாழ்ந்து, மிச்சத்துக்கு உதவி எடுத்த குடும்பம் "நாங்கள் சோம்பேறிகள் அல்ல" என்று நிரூபிக்க வேலை ஒப்பந்தத்தையும் உதவித் தொகைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும். உதவிப் பிரிவிடம் எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். ஞாபகத்தில் சொல்லாதீர்கள்.

பிள்ளையளப் பாத்துக்கொண்டு வீட்டில இருந்தனான். சம்பளச் சிட்டை இல்லை.

குடும்பத்தின் செலவு உங்கள் கணவரின் வருமானத்தால் நடந்தால், அது நீங்கள் சட்டப்படி உரிமை கோரக்கூடிய பராமரிப்பு. ஆகவே வேலை இல்லை என்பது மட்டும் தடையாகாது. உங்களுக்கு உண்மையான மலை மொழிதான். நேர்முகத்தில் "அவர்தான் எல்லாம் பாக்கிறவர்" என்று சொல்லும் பெண்ணைப் பற்றி அதிகாரி என்ன எழுதுவார் என்று யோசியுங்கள். பெற்றோர் கூட்டத்துக்கு இனி நீங்கள் போங்கள். பல் டொக்டருக்கு நீங்களே போன் எடுங்கள்.

அவர் மொழிப் பரீட்சையில பாஸ், நான் இல்லை. ரெண்டு பேரும் காத்திருக்க வேணுமோ?

தேவையில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே பார்க்கப்படுவார்கள். ஒருவர் முதலில் விண்ணப்பிக்கலாம், பராயமடையாத பிள்ளைகளையும் சேர்க்கலாம். ஆனால் கணவன் மனைவி, பிள்ளைகள் இந்நாட்டு வாழ்வில் சேர்வதற்குத் துணை நிற்பதும் ஒரு நிபந்தனை. மனைவி வகுப்புக்குப் போக விடுகிறீர்களா என்று கணவரிடம் கேட்பார்கள். கேட்கவும் வேண்டும். ஒருவர் சுவிஸ் ஆன பிறகு மற்றவருக்கு இலகுவழியும் (சுவிஸ் துணைவர் உள்ளவர்களுக்கான எளிய குடியுரிமை வழி) திறக்கலாம், ஆனால் துணைவர் இந்தச் சாதாரண வழியில் திருமணத்துக்குப் பிறகு சுவிஸ் ஆனவர் என்றால் அது பொருந்தாது. இதைக் கெமைண்டவில் முதலே கேட்டுவிடுங்கள்.

கடன் பதிவு, அதுதான் பெத்ரைபுங், இருந்தா?

விண்ணப்பத்தோடு கடன் பதிவேட்டின் சாற்றைக் கேட்பார்கள். ஐந்து ஆண்டுப் பதிவு அதில் தெரியும். எங்கள் ஆட்களிடம் நான் காண்பது பெரும்பாலும் மருத்துவக் காப்புறுதிக் கட்டணமும் வரியும். கட்டினாலும் பதிவு தானாக மறையாது. கட்டிய பிறகு, பதிவைத் திரும்பப் பெறும்படி அந்தக் காப்புறுதி நிறுவனத்துக்குக் கடிதம் போடுங்கள். அவர்கள் திரும்பப் பெற்றால் சாற்றில் வராது. விண்ணப்பிக்க ஓராண்டுக்கு முதலே உங்கள் சாற்றை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

விண்ணப்பம் போட்ட பிறகு வீடு மாறலாமோ?

கெமைண்டவும் கன்டோனும் உங்கள் விண்ணப்பத்தை ஆராய்ந்து முடித்திருந்தால் மாறலாம், அவர்களே தொடர்வார்கள். அதற்கு முதல் வேறு இடம் போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரிடும். அதே ஊருக்குள் மாறுவதற்குப் பிரச்சினையில்லை.

நேர்முகத்தில ஒரு கேள்விக்குப் பதில் தெரியாட்டி முடிஞ்சுதோ?

இல்லை. ஷ்வீட்ஸ் கன்டோனின் ஆர்ட் என்ற ஊரில், முப்பது ஆண்டளவு சுவிசில் வாழ்ந்து தொழில் நடத்திய ஓர் இத்தாலியரின் விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். உள்ளூர் மிருகக்காட்சிசாலையில் கரடியும் ஓநாயும் ஒரே அடைப்பில் இருப்பது அவருக்குத் தெரியவில்லை என்பதும் குறைகளில் ஒன்று. வழக்கு லவுசானில் உள்ள மத்திய நீதிமன்றம் வரை போனது. ஒரு குறையை மட்டும் ஊதிப் பெரிதாக்காமல் அவருடைய வாழ்வை மொத்தமாக எடைபோட வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லி, அவருக்குக் குடியுரிமை கொடுக்கச் சொன்னது. 2020 ஜனவரியில் வெளிவந்த தீர்ப்பு. இதற்கு முதல், 2003 ஜூலையில், லூட்சேர்ன் பக்கத்து எம்மென் ஊரில் குடியுரிமை விண்ணப்பங்களை வாக்குப்பெட்டியில் போட்டு முடிவெடுத்த முறையே அரசியலமைப்புக்கு முரண் என்று அதே நீதிமன்றம் தீர்த்தது, ஏனெனில் பெட்டி காரணம் சொல்லாது. இன்று நிராகரிப்புக் கடிதத்தில் காரணம் இருந்தே ஆக வேண்டும். மேன்முறையீட்டுக்கான நாள் எல்லையும் அதே கடிதத்தில் இருக்கும். கடிதம் வந்த அன்றே அந்தத் திகதியைக் கலண்டரில் குறியுங்கள். கவலையில் இரண்டு கிழமை மேசையில் போட்டு வைத்ததால் காலம் தப்பியவர்கள் உண்டு.

செலவு எவ்வளவு?

மத்திய அரசின் பங்கு வளர்ந்தவர் ஒருவருக்கு 100 பிராங்கு. கன்டோனும் கெமைண்டவும் வாங்குவது ஊருக்கு ஊர் வேறு, எல்லாம் சேர்ந்து ஆயிரத்தைத் தாண்டுவது வழமை. மொழிப் பரீட்சை அதற்கு மேலே.

சுவிஸ் எடுத்தா இலங்கைக் குடியுரிமை போயிடுமோ?

சுவிஸ் 1992 முதல் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது, அதன் பக்கம் தடையில்லை. இலங்கைச் சட்டப்படி வேறு நாட்டின் குடியுரிமை எடுத்ததும் இலங்கைக் குடியுரிமை தானாக இல்லாமல் போகும். அதை வைத்திருக்க முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம், அல்லது இழந்த பிறகு மீளப் பெற விண்ணப்பிக்கலாம். ஊரில் காணி, வீடு உங்கள் பெயரில் இருந்தால் இதைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளாதீர்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இரட்டைக் குடியுரிமை கிடையாது. அவர்கள் அதை ஒப்படைத்துவிட்டு, ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

முதல்ல என்ன செய்ய வேணும்?

கெமைண்டவுக்குப் போன் எடுத்து விண்ணப்பப் படிவமும் தேவையான ஆவணப் பட்டியலும் கேளுங்கள். போனை மகளிடம் கொடுக்காமல் நீங்களே டொச்சில் கதையுங்கள்.